எதை விடுவது? நோயறியும் சிந்தனையைக் கற்பித்தலும் மதிப்பிடுதலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கிளினிக்கல் ரீசனிங்’ என்று பெரிதாக அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அது பெரிய தலைப்பு. ஆகவே ஒரே ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவக் கல்வி கடந்த அறுபது ஆண்டுகளில் தேர்வு முறைகளைப் பலமுறை மாற்றிப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்ட மாணவருக்கு மதிப்பெண் விழுகிறது. எதைக் கேட்டால் போதும் என்று தெரிந்தவருக்குக் குறைகிறது. நம் எம்.பி.பி.எஸ். தேர்வும் இதற்கு விலக்கில்லை. 2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தை நாம் நடைமுறைப்படுத்தும் விதத்தைப் பார்த்தால், அதே சறுக்கல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

முதலில் ஒரு நோயாளியைப் பார்ப்போம். பாடத்துக்காக நானே கோத்துக்கட்டியவர்தான். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் பொது மருத்துவர்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும்.

கார்த்திகை மாதம். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருக்கிறது. நாற்பது வயதுப் பெண், கிராமத்திலிருந்து வருகிறார். “ஒம்போது நாளா காய்ச்சல் விடவே இல்ல டாக்டர். மண்டை பொளக்குது” என்கிறார். ஊரில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இரண்டாவது கிளினிக்கில் ரத்தம் எடுத்து, ‘வைடால் பாசிட்டிவ்’ என்று சீட்டு கொடுத்து, செஃப்ட்ரியாக்சோன் நான்கு நாள் போட்டார்கள். தட்டணுக்கள் எண்பதாயிரம். கல்லீரல் நொதிகள் கூடியிருக்கின்றன. லேசான வறட்டு இருமல்.

இவரிடம் நல்ல மாணவர் ஒருவரை அனுப்புகிறோம். அவர் முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். காய்ச்சல் எப்படித் தொடங்கியது, குளிர் உண்டா, பசி, தூக்கம், மாதவிடாய், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, காசநோய் என்று எதையும் விடவில்லை. பிறகு நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அந்த மந்திரம்: பாலர் இல்லை, இக்டரஸ் இல்லை, சயனோசிஸ் இல்லை, கிளப்பிங் இல்லை, லிம்ஃபடினோபதி இல்லை, எடிமா இல்லை. நான்கு மண்டலங்களையும் பரிசோதித்தாயிற்று. முடிவில் ‘அக்யூட் ஃபெப்ரைல் இல்னஸ்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே டெங்கு, டைபாய்டு, மலேரியா, லெப்டோஸ்பைரோசிஸ், ஸ்க்ரப் டைஃபஸ், வைரல் காய்ச்சல் என்று ஒரு பட்டியல். எக்ஸாமினர் திருப்தியாகத் தலையாட்டுகிறார். சரியான விடை பட்டியலில் எங்கோ இருக்கிறதே!

அதே நோயாளியை இப்போது பணியில் இருக்கும் உதவிப் பேராசிரியர் பார்க்கிறார். பத்து ஆண்டு அனுபவம். “என்ன வேலைம்மா பாக்குறீங்க?” “ஆடு மேய்ப்பேன், வரப்புல புல்லறுப்பேன்.” “காய்ச்சல் நடுவுல ஒரு நாளாச்சும் விட்டுச்சா?” “இல்லீங்க.” அவ்வளவுதான். திரையை இழுத்துவிட்டு, செவிலியரை அழைத்து, அக்குள், மார்பகத்தின் கீழ்ப்புறம், தொடை இடுக்கு என்று பார்க்கிறார். இடுக்கில் பீடி சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு. வலியில்லாததால் அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. டாக்சிசைக்ளின் எழுதியாகிறது. மொத்தம் நான்கைந்து நிமிடம்.

இந்த உதவிப் பேராசிரியரை நம் சரிபார்ப்புப் பட்டியலால் மதிப்பிட்டால் ஃபெயில். குடும்ப வரலாறு கேட்கவில்லை, கிளப்பிங் பார்க்கவில்லை, உணவுப் பழக்கம் கேட்கவில்லை. மாணவர் பாஸ். அந்த மாணவர் பரிசோதித்த அத்தனை இடங்களில் அக்குளும் தொடை இடுக்கும் இல்லை என்பதை எக்ஸாமினரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க முடியாது, மாணவர் கேஸ் எடுத்தபோது அவர் பக்கத்தில் இல்லை.

அந்த நான்கு நிமிடத்தில் உதவிப் பேராசிரியரின் மனத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் கற்பிக்க வேண்டியது அதைத்தான். டெங்குக் காய்ச்சல் பொதுவாக இரண்டிலிருந்து ஏழு நாள். ஒன்பதாம் நாளும் விடாமல் அடிக்கும் காய்ச்சலுக்குத் தட்டணுக் குறைவை மட்டும் வைத்து டெங்கு என்று பெயர் சூட்ட முடியாது. வைடால் சீட்டை அவர் அநேகமாக ஒதுக்கியிருப்பார். ஒரே ஒரு தடவை எடுத்த வைடால், டைபாய்டு புழங்கும் நம் ஊரில், பழைய தொற்றையும் பழைய தடுப்பூசியையும் இன்றைய நோயிலிருந்து பிரித்துக் காட்டாது. செஃப்ட்ரியாக்சோன் நான்கு நாள் போட்டும் கேட்கவில்லையே, ஆகவே டைபாய்டு இல்லை என்று ஒரு மாணவர் சொல்லலாம். அதுவும் அவசரம். உண்மையான டைபாய்டிலேயே அந்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்க ஐந்தாறு நாள் ஆகும். ஆக, மருந்து கேட்கவில்லை என்பது அவருக்குப் பெரிய துப்பு இல்லை. நாள் கணக்கு, தட்டணு, கல்லீரல் நொதி, பருவம், புல்வெளியில் வேலை இவையெல்லாம் சேர்ந்து ஒரு சித்திரம் ஆகின்றன. புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸின் சித்திரம் அது. அந்த நினைப்பு வந்தபிறகுதான் கண் அக்குளுக்குப் போகிறது. பொருக்கு இல்லாவிட்டாலும் அவர் அந்த நோயைக் கைவிட்டிருக்க மாட்டார். பலருக்குப் பொருக்கு இருப்பதில்லை. ஆய்வகத்தின் ஐ.ஜி.எம். முடிவு வரும்வரை காத்திருந்திருக்கவும் மாட்டார். தாமதித்தால் நுரையீரல் கெட்டு வென்டிலேட்டர் வரை போகும் நோய் இது. கடும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழி கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஓ.பி. மருத்துவரின் வேலை.

இதில் முறை என்று தனியாக ஏதாவது இருந்ததா? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய, நல்ல பதில் இருக்கிறது.

1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் எல்ஸ்டைன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா மூவரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ‘இவர் நோயைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்’ என்று சக மருத்துவர்களே பெயர் சொன்ன மருத்துவர்கள் ஒரு பக்கம். அப்படிப் பெயர் வராதவர்கள் இன்னொரு பக்கம். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் முன் இவர்களை உட்காரவைத்து, படம்பிடித்து, மனத்தில் ஓடியதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். கெட்டிக்காரர்களின் முறை எது என்று கண்டுபிடித்துவிட்டால் அதை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது எண்ணம். 1978-ல் நூலாக வந்த முடிவு அந்த எண்ணத்தைக் கவிழ்த்தது. இரு தரப்பாரின் முறையிலும் வித்தியாசம் இல்லை. எல்லோருமே முதல் சில நிமிடங்களிலேயே மூன்று நான்கு நோய்களை ஊகித்துவிடுகிறார்கள்; மீதிக் கேள்விகள் அந்த ஊகங்களைச் சோதிக்கத்தான். ‘முதலில் தகவல் முழுவதையும் திரட்டு, அப்புறம் யோசி’ என்று நாம் வார்டில் போதிக்கும் வழியில் எவரும் நடக்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கேஸில் பிரமாதமாகச் செய்தவர் அடுத்த கேஸிலும் அப்படிச் செய்வார் என்று சொல்ல முடியவில்லை. மூட்டுவலியில் புலியாக இருப்பவர் தலைவலியில் தடுமாறுகிறார்.

இந்த இரண்டாவது கண்டுபிடிப்பை மருத்துவக் கல்வி உலகம் இன்னும் முழுசாக ஜீரணிக்கவில்லை. நோயறியும் சிந்தனை என்பது பையில் எடுத்துக்கொண்டுபோய் எங்கும் பயன்படுத்தும் கருவியாக இல்லை. அது ஒவ்வொரு நோயைப் பற்றியும் அந்த மருத்துவருக்கு இருக்கும் அறிவிலும், பார்த்த நோயாளிகளின் நினைவிலும் கலந்து கிடக்கிறது. தவறு நேர்வதெல்லாம் மனச்சாய்வினால்தான், சாய்வுகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கனடாவின் பாட் குரோஸ்கெரி அவர்களில் முக்கியமானவர். அதே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி நார்மன் இதை ஒப்புக்கொள்வதில்லை: அறிவுக் குறைவுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம், சாய்வுகளின் பெயர்ப் பட்டியலைப் படித்தவர்கள் தவறு குறைவாகச் செய்வதாகச் சான்றில்லை என்கிறார். நான் பெரும்பாலும் நார்மன் பக்கம். இறுதியாண்டு மாணவர் ‘ஆங்கரிங் பயஸ்’ பற்றி அழகாகப் பேசுகிறார்; எஸ்கார் என்ற அந்தக் கறுத்த பொருக்கை எங்கே தேடுவது என்று கேட்டால் முழிக்கிறார்.

ஆனால் ஒரு சாய்வு நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. அண்மையில் ஒரு நோயைப் படித்தோ பார்த்தோ இருந்தால், அடுத்து வரும் வேறொரு நோயும் அதுவாகவே தெரியும். நெதர்லாந்தில் பயிற்சி மருத்துவர்களை வைத்து சில்வியா மமேடேயும் கூட்டாளிகளும் 2010-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அனுபவம் கூடியிருந்த இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள்தான் இதில் அதிகம் விழுந்தார்கள். ‘உன் முடிவுக்கு ஆதரவாக எது, எதிராக எது, இருந்திருக்க வேண்டியும் இல்லாதது எது’ என்று நின்று எழுதவைத்தபோது தவறு குறைந்தது. ஐப்பசி கார்த்திகையில் டெங்கு வார்டு திறந்தபிறகு, அதற்குள் தட்டணுக் குறைவோடு அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த மூன்று கேள்விகளையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்துவைக்கலாம். காகிதச் செலவு மட்டும்தான்.

இனி தேர்வுக்கு வருகிறேன்.

1960-களில் அமெரிக்காவில் ஒரு புது வகை வினாத்தாள் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் மக்வைர் அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர். காகிதத்தில் ஒரு நோயாளி இருப்பார். எந்தக் கேள்வி கேட்பது, எந்தப் பரிசோதனை செய்வது என்று தேர்வர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுத்ததற்கு எதிரே உள்ள மறைவை நீக்கினால் முடிவு தெரியும். பார்க்க மிகவும் நிஜமாக இருந்தது. அமெரிக்க தேசிய மருத்துவத் தேர்வு வாரியமே அதை எடுத்துக்கொண்டது. மதிப்பெண்களை அலசியபோதுதான் சங்கடம் தொடங்கியது. அனுபவசாலிகள் இளையவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள்! காரணம் வெளிப்படை. அவர்கள் பாதி மறைவுகளை நீக்கவே இல்லை. அவற்றில் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அல்லது என்ன இருந்தாலும் முடிவு மாறாது என்று தெரியும். மதிப்பெண் திட்டமோ ஒவ்வொரு நீக்கலுக்கும் கூலி கொடுத்தது. இது போக, ஒரு கேஸின் மதிப்பெண்ணுக்கும் இன்னொரு கேஸின் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை. எல்ஸ்டைன் குழு சொன்னதுதான். 1980-களின் இறுதிக்குள் அந்த வினாத்தாள் முறை கைவிடப்பட்டது.

அதிலிருந்து பாடம் கற்றவர்கள் கனடாக்காரர்கள். ஜார்ஜ் போர்டாஜும் கார்டன் பேஜும் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இந்தக் கேஸில் தவறு நேரக்கூடிய, முடிவையே மாற்றக்கூடிய இடம் எது? அந்த ஒன்றிரண்டு திருப்பங்களை மட்டும் கேட்டால் போதுமே. இதற்கு ‘கீ ஃபீச்சர்’ கேள்வி என்று பெயர். நோயாளியைப் பற்றி ஒரு பத்தி, அதன்கீழ் இரண்டு மூன்று கேள்விகள். கனடா மருத்துவக் கவுன்சில் 1992-ல் இதைத் தன் தகுதித் தேர்வில் சேர்த்தது. கேள்வி சிறியது ஆகையால் ஒரே அமர்வில் பல பத்துக் கேஸ்களைக் கேட்டுவிடலாம். ஒரு கேஸின் அதிர்ஷ்டத்தில் மாணவர் பிழைக்கவும் மாட்டார், மூழ்கவும் மாட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது மதிப்பெண் விதி. ‘மூன்று பரிசோதனைகளைத் தேர்ந்தெடு’ என்றால் நான்காவதைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பூஜ்யம். நோயாளிக்குக் கேடு செய்யும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் பூஜ்யம், மற்றவை எவ்வளவு சரியாக இருந்தாலும். விடத் தெரிந்தவருக்கு மதிப்பெண் தரும் தேர்வு என்று நான் சொல்வது இதைத்தான்.

நம் ஒன்பது நாள் காய்ச்சலை இந்த அச்சில் ஊற்றிப் பார்க்கலாம். முதல் கேள்வி: ‘இப்போது உடலில் நீங்கள் தேடிப்பார்க்கும் ஒரே ஓர் அடையாளத்தையும், தேடும் மூன்று இடங்களையும் எழுதுக.’ இரண்டாவது: ‘ரத்தப் பரிசோதனை முடிவு நாளை மாலைதான் வரும். இன்றிரவு எந்த மருந்தைத் தொடங்குவீர்கள்? ஒன்று மட்டும்.’ இது வினாத்தாளில் அரைப் பக்கம்கூட ஆகாது. ஸ்க்ரப் டைஃபஸ் பற்றிப் பாடநூல் பத்தியை ஒப்பிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் இங்கே பிரிய மாட்டார்கள். நோயாளி முன் நிற்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால், மாணவர் ஊகிக்க வேண்டிய நோய்களை வினாத்தாளே ஊகித்துக் கொடுத்துவிடுகிறது. நுழைவுத் தேர்வுகளுக்கு அந்த வடிவம் தவிர்க்க முடியாதது. லட்சக்கணக்கான பேருக்குத் திருத்த வேண்டும். நன்றாக எழுதினால் அதிலும் சிந்தனையைச் சோதிக்கலாம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு முழுவதும் நோயாளியின் பக்கம் திரும்பாமல் கைபேசியில் கேள்வி வங்கியைப் புரட்டும் மாணவருக்கு, ஊகம் தானாகப் பிறக்கும் பழக்கம் எப்போது வரும்?

அடுத்தது ஆஸ்கி. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்தினார். பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஒரே எக்ஸாமினரின் மனநிலையில் மாணவரின் தலைவிதி தொங்கிய காலத்தில் அது பெரும் விடுதலை. கைகழுவுதல், ரத்த அழுத்தம் பார்த்தல், ஊசி போடுதல், கெட்ட செய்தி சொல்லுதல் எல்லாவற்றுக்கும் அது நல்ல தேர்வு. ஆனால் அதன் சரிபார்ப்புப் பட்டியலுக்குப் பழைய நோய் உண்டு. டொரான்டோவில் பிரையன் ஹாட்ஜஸ் குழுவினர் மாணவர், பயிற்சி மருத்துவர், அனுபவ மருத்துவர் மூவரையும் ஆஸ்கி நிலையங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான முடிவு: பட்டியல் மதிப்பெண்ணில் அனுபவம் உயரவில்லை, இறங்கியது. மக்வைரின் காகித நோயாளியிடம் நடந்ததேதான், இருபது ஆண்டு கழித்து. நம் கல்லூரிகளில் இப்போது ஆஸ்கி நிலையங்கள் எழும்புகின்றன. ‘அறிமுகப்படுத்திக்கொண்டார்: 1, கை கழுவினார்: 1, காய்ச்சல் எத்தனை நாள் எனக் கேட்டார்: 1, குளிர் உண்டா எனக் கேட்டார்: 1’ என்று தாள்கள் தயாராகின்றன. எத்தனை நாள் என்ற கேள்விக்கும் குளிர் உண்டா என்ற கேள்விக்கும் ஒரே எடை போடும் தாள் எதை அளக்கிறது என்று தெரியாமல் நான் விழிக்கிறேன்.

லாங் கேஸ் பற்றிச் சொல்லாமல் போனால் மூத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதில் எனக்கும் பாசம் உண்டு. ஒரு முழு நோயாளியோடு ஒரு மாணவர் தனியே இருக்கும் ஒரே தேர்வு அது. ஆனால் நாம் அதை நடத்தும் லட்சணம் நமக்குத் தெரியும். ஆண்டுக்கு ஆண்டு வரும் ‘எக்ஸாம் கேஸ்’கள்; நெஞ்சில் தெளிவான முணுமுணுப்பு, வயிற்றில் தெளிவான நீர், ஒரு பக்கம் விழுந்த கைகால். அந்த நோயாளிகளில் சிலர் நம் மாணவர்களைவிடத் தங்கள் நோயை நன்றாக விளக்குவார்கள். “தம்பி, எனக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ். பக்கவாட்டுல படுக்கவச்சுக் கேளு, நல்லாக் கேக்கும்” என்று உதவிய பாட்டிகள் உண்டு. நோய் ஏற்கெனவே தீர்மானமான, மாறாத, அடையாளம் நிறைந்த நோயாளியிடம் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் திறமை சோதிக்கப்படுகிறது, அது தேவையானதுதான். தீர்மானமாகாத நோயைப் பற்றி யோசிக்கும் திறமை அங்கே சோதிக்கப்படுவதில்லை. எக்ஸாமினர் வந்து அமர்ந்ததும் பேச்சு கேஸிலிருந்து வழுக்கி, ‘கிளப்பிங்குக்குக் காரணங்கள் சொல்’ என்று வைவாவாகிவிடும். இதற்கு மேல், ஒரு கேஸை வைத்து ஒருவரின் திறமையைத் தீர்மானிக்க முடியாது என்ற எல்ஸ்டைன் குழுவின் கணக்கு. வால் வாஸும் கூட்டாளிகளும் லண்டன் மாணவர்களை வைத்து 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நம்பத்தகுந்த முடிவுக்கு ஏறத்தாழ பத்து கேஸ்கள் வேண்டும். நம்மால் ஒரு நாளில் அது முடியாது. லாங் கேஸை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எக்ஸாமினர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், ஒரே கேஸில் பாஸ் ஃபெயிலைத் தீர்மானிக்காமல் இருக்கட்டும் என்கிறேன்.

ஒரு மறுப்பு வரும். வரவேண்டும். ‘எதை விடுவது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்களே!’ நியாயமான பயம். இரண்டாம் ஆண்டில் வார்டுக்கு வரும் மாணவர் முழு வரலாறும் எடுக்கத்தான் வேண்டும். எதை விடலாம் என்பது, இருப்பது எது என்று தெரிந்தபிறகு வரும் கேள்வி. என் ஆட்சேபம், அந்த இரண்டாம் ஆண்டு அளவுகோலையே இறுதியாண்டிலும் வைத்து அளக்கிறோம் என்பதில்தான். கிளப்பிங் இல்லை என்று சொல்லும் இறுதியாண்டு மாணவரிடம் “ஏம்மா பார்த்த? இருந்திருந்தா உன் முடிவு மாறியிருக்குமா?” என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால், நுரையீரல் நோயாளியிடம் கிளப்பிங் எவ்வளவு பெரிய செய்தி, ஒன்பது நாள் காய்ச்சலில் எவ்வளவு சிறிய செய்தி என்று அவருக்கே புரிந்திருக்கும்.

பரிசோதனைச் சீட்டுகளுக்கும் இதே கேள்விதான். 1978-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மாணவர், பயிற்சி மருத்துவர், மூத்த மருத்துவர் என 60 பேரிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோயில்லாதவரில் 5 சதவீதம் பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும் பரிசோதனை. பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்க வாய்ப்பு என்ன? ஆயிரம் பேரில் உண்மையாக ஒருவர், பொய்யாக ஐம்பது பேர். ஆக ஐம்பத்தொன்றில் ஒன்று, ஏறத்தாழ 2 சதவீதம். 60 பேரில் 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்ன விடை 95. அந்த அம்மாவின் கையில் இருந்த ‘வைடால் பாசிட்டிவ்’ சீட்டை நம்பியவர்களும் இந்தக் கணக்கில் தவறியவர்கள்தான். ஜார்ஜ் ஃபெர்னான் வைடால் 1896-ல் கண்டுபிடித்த சோதனை இன்னும் நம் தெருமுனை லேபுகளில் ஜோராக ஓடுகிறது. மாணவர் அதை எழுதும்போது, ‘முடிவு எதுவாக வந்தாலும் நீ என்ன செய்வாய்?’ என்று கேட்டால் போதும். இரண்டு முடிவுக்கும் ஒரே செயல் என்றால் அந்தப் பரிசோதனையை எழுத வேண்டியதில்லை.

கற்பித்தலுக்கு ஒரு பழைய மாதிரி இருக்கிறது. 1900-ல் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், சட்டக் கல்லூரி மாணவர்கள் வழக்குகளை வைத்துப் படிப்பதைப் பார்த்து, நாமும் கேஸ்களை வைத்துப் படிக்கலாமே என்று எழுதினார். பின்னாளில் உடலியலில் பெரும்பெயர் எடுத்த அதே கேனன்தான். மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் ரிச்சர்ட் கேபட் அதை எடுத்து வளர்த்தார். விடை தெரியாத ஒரு மூத்த மருத்துவர் கேஸ் தாளை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டு யோசிப்பார். கடைசியில் நோய்க்கூறியல் நிபுணர் எழுந்து உண்மையைச் சொல்வார். மூத்தவர் தோற்றால் தோற்றதுதான். கேபட் அத்தோடு நிற்கவில்லை. மூவாயிரம் பிணக்கூறாய்வுகளை மருத்துவர்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு, எங்கெங்கே தவறினோம் என்று 1912-ல் வெளியிட்டார். இன்றைய வார்த்தையில் சொன்னால் அதுதான் ஃபீட்பேக்.

நம்மிடம் அந்த வாய்ப்பு அடைபட்டுக் கிடக்கிறது. போஸ்ட்மார்ட்டம் என்றால் நம் மக்களுக்குக் காவல்துறை நினைவு வருகிறது. வார்டில் இறந்தவருக்கு நோய் அறிவதற்காகக் கூறாய்வு என்பது அரிதாகிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டோடு உயிரோடு போனவரும் போனவர்தான். மாணவர் திங்கட்கிழமை எழுதிய ஊகம் வெள்ளிக்கிழமை சரியாயிற்றா, பொய்த்ததா என்று தெரியாமலேயே அடுத்த போஸ்டிங்குக்குப் போகிறார். பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை பெருகுகிறது, அறிவு அதற்கு ஈடாகப் பெருகவில்லை. லாக்புக்கில் ‘பார்த்தேன், கையெழுத்து’ என்று இருக்கும் பகுதியில் ஒரே ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொல்கிறேன்: சேர்க்கும் அன்று என் முடிவு, போகும் அன்று உண்மை. நோயாளி வேறு வார்டுக்கு மாறியிருந்தால் மாணவரே போய்க் கேட்டு எழுதட்டும்.

ரவுண்ட்ஸில் நேரமில்லை என்பீர்கள். எனக்கும் தெரியும், ஓ.பி.யில் நூறு சீட்டு காத்திருக்கும். ஆகையால் நேரம் பிடிக்காத ஒன்று. மாணவர் கேஸ் சொல்வதற்கு முன், ஒரே வாக்கியத்தில் நோயாளியைச் சொல்லச் சொல்லுங்கள். ‘நாற்பது வயதுப் பெண், காய்ச்சல், தலைவலி, இருமல்’ என்பது மோசமான வாக்கியம். ‘புல்வெளியில் வேலை செய்யும் நடுவயதுப் பெண், ஒரு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல், கூடவே தட்டணுக் குறைவும் கல்லீரல் நொதி உயர்வும்’ என்பது நல்ல வாக்கியம். இரண்டாவதைச் சொல்ல முடிந்தவர் ஏற்கெனவே பாதி யோசித்துவிட்டார், ஏனென்றால் பசி, தூக்கம், மாதவிடாய் என்று முக்கால் பங்கை அவர் விட்டிருக்கிறார். பிறகு ‘என்னவென்று நினைக்கிறாய்?’ என்று கேட்டு, பதில் வரும்வரை நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பேராசிரியர்களுக்கு இதில் இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

இப்போது நோய்ப் பட்டியல் போடும் வேலையைக் கணினி நம்மைவிட நன்றாகச் செய்கிறது. இது புதிதும் இல்லை; பிட்ஸ்பர்கில் ஜாக் மையர்ஸ் குழுவின் நிரல் 1982-லேயே அதை ஓரளவு செய்து காட்டியது. இன்றைய கருவிகள் கைபேசியிலேயே பத்து நோய்களை நொடியில் கொட்டிவிடும். பட்டியலுக்கு மதிப்பெண் கொடுக்கும் எக்ஸாமினருக்கு இனி வேலை எளிது, மதிப்பெண்ணை நேரே கைபேசிக்கே போட்டுவிடலாம்.

செய்யக்கூடியது என்ன? பல்கலைக்கழகத் தேர்வை நாளையே மாற்ற நம் கையில் அதிகாரம் இல்லை. இன்டர்னல் அசெஸ்மென்ட் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டும் மாதத்துக்கு ஒரு கீ ஃபீச்சர் கேள்வி எழுதட்டும், தங்கள் வார்டிலேயே தாங்கள் சிந்தித்துத் தடுமாறிய கேஸிலிருந்து. ஆறு யூனிட் இருந்தால் ஓர் ஆண்டில் எழுபது சேரும். மாணவர் நோயாளியோடு பேசும்போது ஆசிரியர் பத்து நிமிடம் ஓரமாக நின்று பார்த்து, அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லும் மினி-சி.இ.எக்ஸ். முறையை ஜான் நார்சினி 1995-லேயே எழுதிவிட்டார். ஒரு போஸ்டிங்கில் நான்கைந்து தடவை செய்தால் போதும், வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு நோய்கள். ஆஸ்கி நிலையங்களில் பாதியை வைத்துக்கொண்டு, மீதிப் பாதியில் பட்டியலைக் கிழித்துவிட்டு ‘இந்த மாணவரிடம் உங்கள் வார்டை இன்றிரவு ஒப்படைப்பீர்களா?’ என்ற ஒரே கேள்விக்கு ஆசிரியர் மதிப்பெண் போடட்டும். ஹாட்ஜஸ் குழுவின் ஆய்வில் அனுபவத்தை அடையாளம் கண்டது அந்த மாதிரி ஒட்டுமொத்த மதிப்பீடுதான்.

கேள்வி எழுதியபின் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். மாணவருக்குக் கொடுக்கும் முன், வேறு யூனிட்டைச் சேர்ந்த மூன்று பேராசிரியர்கள் தனித்தனியே உட்கார்ந்து அந்தத் தாளை எழுதட்டும். மூவரும் மூன்று விடை எழுதுவார்கள். முதல் சில மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். அந்தக் கேள்விகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேர்வுத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, புதன்கிழமை மதியக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூவரும் ஏன் அப்படி எழுதினோம் என்று, எதைக் கணக்கில் எடுத்தோம், எதை விட்டோம் என்று, மாணவர்கள் முன்னிலையில் சொல்லட்டும். யாருக்கும் விடை ஒத்துப்போகாத ஒரு கேஸில் மூன்று மூத்தவர்கள் யோசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு, மாணவர்களுக்கு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.